மண்ணெண்ணெயில் ஊறிய கோல் ஏன் ஒடிந்தது?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸை அடுத்துத் தொடங்கும் சக்கிமுக்கித் துப்பாக்கி மான் வேட்டைக்காக, துப்பாக்கி வாய் வழியே குண்டை உள்ளே தள்ளிக் கெட்டிக்க உதவும் புதிய ஹிக்கரி மரக் கோல் ஒன்றை முப்பது நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்திருந்தேன். பயிற்சித் திடலில் ஐந்தாவது குண்டைக் கெட்டிக்கும்போதே அது சாய்வாகப் பிளந்து ஒடிந்தது. அதன் கூர்முனை என் உள்ளங்கையில் இறங்கியது.

ஒடிந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. மரத்தின் இழை கோலின் நீளத்துக்கும் ஓடாமல், ஒரு பக்கத்தில் தொடங்கி நான்கு அங்குலத்துக்குள் மறுபக்கம் வெளியேறியிருந்தது. பிளவும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே சென்றிருந்தது. இழை அறுபட்ட மரத்தை எந்த எண்ணெயாலும் காப்பாற்ற முடியாது. மரம் வறண்டு முறுகாமலிருக்க ஊறவைக்கும் பழைய வழக்கத்தை நான் இன்றும் மதிக்கிறேன் என்றாலும், கோலைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அதற்கு இடம்.

அந்தக் கோலை வாங்கிய கடைக்கே ஒன்றரை மணி நேரம் வண்டியோட்டிப் போனேன். "எல்லாம் ஒன்றுதான்" என்று சொல்லி, விற்பனையாளர் கோல்கட்டைப் பிரித்துக் காட்டவே மறுத்துவிட்டார். வேறொரு கடையில் சன்னல் வெளிச்சத்தில் இருபத்திரண்டு கோல்களை உருட்டி உருட்டிப் பார்த்து, முனைக்கு முனை இழை ஓடிய இரண்டை எடுத்தேன். என் அரை அங்குல வாய்த் துப்பாக்கிக்கு 3/8 அங்குலத் தடிமன் சரியாக இருந்தது.

முதல் முறை, ஊறிய பிறகு பித்தளை முனையை ஒட்டியதால் எண்ணெய்ப் பிசுக்கில் பசை பிடிக்கவில்லை. ஆகவே முனையை முதலில் ஒட்டி, குறுக்கே ஆணியும் இறக்கிவிடுங்கள். ஊறவைக்கும் பிவிசி குழாயை நெருப்பு அண்டாத இடத்தில் நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்த என் குழாய் மூடி வழியே கசிந்து கொட்டகைத் தரையெல்லாம் நாறியது. வெளியே எடுத்த கோலை ஒரு வாரம் காற்றாட விட்டு, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாகத் தடவினேன். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

கெட்டிக்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். துப்பாக்கி வாய்க்கு மேல் ஒரு சாணுக்குள் கோலைப் பிடித்துச் சிறு சிறு தள்ளல்களாக இறக்குகிறேன். கரி படிந்து குண்டு இறுகினால், அடுத்த முறை கெட்டிப்பதற்கு முன் குழலைத் துடைக்கிறேன். இந்தக் கோல் அறுபது குண்டுகளைத் தாங்கிவிட்டது. மற்றொன்று குழாயில் ஊறிக்கொண்டிருக்கிறது.