வாய்க்கால் நீரின் வேகம் ஏன் கூடுவதில்லை: ஆறு ஞாயிறுகள் அளந்து பார்த்த அனுபவம்

கார் சாகுபடிக்காகக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த ஆனி மாதத்து மாலை ஒன்றில், சேரன்மகாதேவிக்கு அருகில் கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "சரிவுல உருட்டின குண்டு போகப்போக வேகம் கூடும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. வாய்க்காலும் சரிவுலதான போகுது மாமா, அது மட்டும் ஏன் ஒரே மாதிரி போகுது?" உராய்வுதான் காரணம் என்று உடனே சொல்லிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அந்தப் பதிலில் இருந்த குறை உறுத்தியது. நீர் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது என்பதையே நாங்கள் இருவரும் அளந்து பார்த்திருக்கவில்லை. எனவே முதலில் அதை அளப்பது, பிறகு காரணத்தைத் தேடுவது என்று முடிவு செய்தோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நீளத்தை அளப்பதிலேயே கழிந்தது. வளைவில்லாத ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு, தையல் வேலைக்கான ஒன்றரை மீட்டர் டேப்பை இருபது முறை மாற்றி மாற்றி வைத்து 30 மீட்டர் என்று குறித்துக் குச்சி நட்டேன். மறுநாள் தெருவில் உள்ள கொத்தனார் அண்ணாச்சியிடம் 30 மீட்டர் இரும்பு டேப்பை இரவல் வாங்கி அளந்தபோது, குச்சிகளுக்கு இடையே 30.38 மீட்டர் இருந்தது. டேப்பின் முனையை விரலால் அழுத்திய இடத்துக்கு அப்பால் அடுத்த முறை வைக்கும்போதெல்லாம் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். பத்தொன்பது இடைவெளிகளும் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டன. ஒரு முறை கூடியும் ஒரு முறை குறைந்தும் வரும் பிழையாக இருந்தால் பல முறை அளந்து சராசரி எடுக்கும்போது பெரும்பகுதி அடங்கிவிடும். எப்போதும் ஒரே திசையில் வரும் பிழையை எத்தனை சராசரி எடுத்தாலும் நீக்க முடியாது. அளக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும். இந்த வேறுபாட்டைப் பாடமாகப் படித்தபோது எனக்கு விளங்கியதைவிட, அந்த 38 சென்டிமீட்டரைக் கண்டபோதுதான் நன்றாக விளங்கியது.

அடுத்தது நேரம். கைபேசியின் நிறுத்துக் கடிகாரம் 0.01 விநாடி வரை காட்டுகிறது. அது கடிகாரத்தின் மீச்சிற்றளவே (அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) தவிர, என் விரலின் மீச்சிற்றளவு அன்று. இதைச் சோதிக்க, அவள் ஒரு 30 சென்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விட, நான் விரல்களால் பிடித்தேன். 22 சென்டிமீட்டர் விழுந்த பிறகே பிடித்தேன், அதாவது 0.21 விநாடி தாமதம். அவள் 17 சென்டிமீட்டரில் பிடித்தாள்; 0.19 விநாடி. ஆகவே எங்கள் கையால் எடுக்கும் நேரத்தில் இரண்டாம் தசம இலக்கத்துக்குப் பொருளில்லை என்று எழுதி வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் ஞாயிறு மூடியிட்ட வெற்று பாட்டிலை மிதக்கவிட்டோம்; அவளுடைய தம்பி கீழே படித்துறையில் துரட்டியோடு நின்று அதை எடுத்துக் கொடுத்தான். 30 மீட்டரைக் கடக்க முதல் முறை 38 விநாடி, அடுத்த முறை 34, காற்று சற்று அடங்கியிருந்தபோது 45. கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்றை இந்த மாதங்களில் எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. பணகுடியிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, கிழக்கே ஓடும் எங்கள் வாய்க்காலின் மேல் நின்ற பாட்டிலையும் பாய்மரமாக்கித் தள்ளியிருக்கிறது. நாங்கள் அளந்தது நீரின் வேகம் அன்று, நீரும் காற்றும் கலந்த ஒன்று. பாட்டிலில் மணலும் நீரும் நிரப்பி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி செய்த பிறகு இந்தத் தடுமாற்றம் நின்றது.

இன்னொரு பிழையை அவள்தான் கண்டுபிடித்தாள். "சாஞ்சு நின்னு பாக்கீங்க மாமா, குச்சியத் தாண்டுமுன்னாலயே நிறுத்திட்டீங்க" என்றாள். பார்க்கும் கோணத்தால் பொருள் இடம் மாறித் தெரியும் இடமாறு தோற்றப் பிழை அது. எதிர்க்கரையிலும் நேரெதிரே ஒவ்வொரு குச்சி நட்டு, இரண்டு குச்சிகளும் ஒன்றாகத் தெரியும் கோட்டில் நின்று பார்த்தோம். அதன்பின் கிடைத்த ஐந்து நேரங்கள் 46.2, 44.8, 47.5, 45.1, 46.4 விநாடிகள், சராசரி 46.0. வேகம் விநாடிக்கு 0.65 மீட்டர். 0.652 என்று எழுதக் கை போனது; நேரங்கள் ஒன்றரை விநாடி வரை விலகி நிற்கும்போது மூன்றாம் இலக்கத்தை எழுதுவது, அறியாததை அறிந்ததாகச் சொல்வதாகும். விரலின் தாமதம் இந்த விலகலில் சிறு பங்குதான். மீதி நீரிலேயே உள்ள சுழிப்புகளால் வருவது. நீர்ப்பரப்பின் வேகத்தைவிட அடிவரையிலான சராசரி வேகம் குறைவு என்பதால், மிதவை முறையில் அளப்பவர்கள் வழக்கமாக 0.85-ஆல் பெருக்குவார்கள், அப்படிப் பார்த்தால் 0.55.

எங்களுக்கு வேண்டியிருந்தது வேறு. 30 மீட்டரை மூன்று பத்து மீட்டர்களாகப் பிரித்து எடுத்த சராசரி நேரங்கள் 15.4, 15.2, 15.4. நீர் உண்மையிலேயே சீரான இயக்கத்தில்தான் இருந்தது.

வளைவுள்ள பகுதியிலும் ஒரு நாள் அளந்தோம். இரண்டு சிறு பாலங்களுக்கு இடையே கரை வழியாக 240 மீட்டர். தரிசு வயலின் குறுக்கே நேர்க்கோட்டில் 190 மீட்டர். பாட்டில் 370 விநாடி எடுத்தது. கடந்த தொலைவை வைத்துக் கணக்கிட்டால் வேகம் 0.65, இடப்பெயர்ச்சியை, அதாவது நேர்க்கோட்டுத் தூரத்தை, வைத்துக் கணக்கிட்டால் சராசரித் திசைவேகம் 0.51. ஒரு பசு நடந்த வழியிலேயே இந்தக் கால்வாய் வெட்டப்பட்டது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். மேட்டைச் சுற்றிக்கொண்டு, மட்டம் சிறிது சிறிதாக இறங்கும் வழியைத் தேடிச் செல்லும் கால்வாய் வளையத்தான் செய்யும். அந்தக் கதையில் நல்ல நில அளவை அறிவு ஒன்று பொதிந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

மூன்றாம் ஞாயிற்றிலிருந்து குண்டுச் சோதனை. 1638-இல் வெளியான நூலில் கலிலியோ, சாய்ந்த மரச்சட்டத்தின் காடியில் வெண்கலக் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை எடைபோட்டு நேரத்தை அளந்ததை விவரித்திருக்கிறார். எங்களிடம் இருந்தது எட்டடி, அதாவது 2.4 மீட்டர், அலுமினிய எல் ஆங்கிள். அதன் மூலை கீழே இருக்கும்படி காடியாக வைத்து, ஒரு முனையை 6 சென்டிமீட்டர் உயர்த்தி, பேரிங்கிலிருந்து எடுத்த எஃகுக் குண்டை உருட்டி, விநாடிக்கு 30 சட்டங்கள் எடுக்கும் கைபேசிக் காணொளியில் நேரத்தைப் படித்தோம்.

உருளும் திண்மக் குண்டின் முடுக்கம் (வேகம் கூடும் வீதம்), உராய்வின்றி வழுக்கும் பொருளின் முடுக்கத்தில் ஏழில் ஐந்து பங்கு என்று படித்திருந்தேன். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஈர்ப்பு முடுக்கத்தை 9.78 மீட்டர்/விநாடி² என்று கொண்டேன். குண்டின் முடுக்கத்துக்கு எதிர்பார்த்த விடை அதே அலகில் 0.175, கிடைத்தது 0.154. உருளும் உராய்வால் குறைந்திருக்கும் என்று எழுதிவிட்டு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஆங்கிளைத் தரையில் சாய்வின்றி வைத்து அதில் குண்டை வைத்தபோது, அது தானாகவே மெல்ல உருளத் தொடங்கியது. கழுவிய நீர் வடிவதற்காகத் தாழ்வாரத் தரைக்கு வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். அண்ணாச்சியின் டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்ததில் 2.4 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம் இருந்தது. நான் 6 என்று நினைத்தது உண்மையில் 7. தரையிலேயே இருந்த சுழிப்பிழை, அதாவது தொடக்கமே சுழியில் இல்லாததால் வரும் பிழை.

அதைச் சரிசெய்து மீண்டும் உருட்டினோம். 0.25 மீட்டருக்கு 1.97 விநாடி, 1.00 மீட்டருக்கு 3.90, 2.25 மீட்டருக்கு 5.83. நேரம் ஒன்று, இரண்டு, மூன்று மடங்காகும்போது தொலைவு ஒன்று, நான்கு, ஒன்பது மடங்காவதைக் கண்டு இருவரும் மகிழ்ந்தோம். முடுக்கத்தைக் கணக்கிட்டபோது மகிழ்ச்சி நின்றது: 0.129, 0.131, 0.132. பிழையைத் திருத்திய பிறகு விடை 0.175-லிருந்து இன்னும் விலகிப் போயிருந்தது. இரண்டு நாள் திருத்தத்தின் மேலேயே ஐயம் கொண்டேன்.

தவறு என் எதிர்பார்ப்பில் இருந்தது. ஏழில் ஐந்து என்பது சமதளத்தில் உருளும் குண்டுக்கு உரியது. செங்கோணக் காடியில் குண்டு அடிப்புள்ளியில் தொடாமல் இரண்டு பக்கச் சுவர்களையும் தொட்டு நிற்கிறது. அதனால் சுழலச்சிலிருந்து தொடும் புள்ளிகள் வரையிலான தூரம் குண்டின் ஆரத்தைவிடக் குறைந்து, ஆரத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவாகிறது. அதே தொலைவைக் கடக்கக் குண்டு கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. சமதளத்தில் ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழற்சிக்குப் போகிறது என்றால், இந்தக் காடியில் ஒன்பதில் நான்கு பங்கு போகிறது. முடுக்கம் ஒன்பதில் ஐந்தாகிறது. கணக்கிட்டால் 0.136. உயரத்தை ஒரு மில்லிமீட்டர் வரைதான் என்னால் படிக்க முடிந்தது என்பதால் அந்த ஒன்றே ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் ஐயத்தைத் தரும். மீதியைச் சிறிதளவு உராய்வுக்கு விட்டுவிடலாம். முதல் நாள் விடை எதிர்பார்ப்புக்கு அருகில் வந்ததற்குக் காரணம், தரையின் வாட்டமும் என் தவறான பின்னமும் எதிரெதிரே நின்றதுதான்.

குண்டுக்கும் வாய்க்காலுக்கும் இடையே பாலமாக ஒரு சிறு சோதனை தேவைப்பட்டது. உயரமான கண்ணாடிப் புட்டியில் விளக்கெண்ணெய் ஊற்றி, சைக்கிளின் சிறிய பேரிங் குண்டு ஒன்றை அதில் விட்டோம். பத்துப் பத்து சென்டிமீட்டராகப் போட்ட குறிகளை அது 1.4, 1.4, 1.5 விநாடிகளில் கடந்தது. விட்ட கணத்திலேயே முடுக்கம் முடிந்துவிட்டது. காடியில் உருளும் குண்டின் மேல் உள்ள தடை, வேகம் கூடினாலும் பெரிதாகக் கூடுவதில்லை. ஆகவே முடுக்கம் தொடர்கிறது. எண்ணெயின் தடை வேகத்தோடு சேர்ந்து வளர்கிறது. அது எடையைச் சமன்செய்யும் வேகத்தை எட்டியதும் நிகர விசை சுழியாகிறது, வேகம் அங்கேயே நிற்கிறது.

வாய்க்காலில் நடப்பதும் இதுவே. அங்கே கரையும் அடித்தரையும் தரும் தடை ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகருக்கான கால்வாய்ப் பணியில் ஈடுபட்டிருந்த ஆன்ட்வான் செஸி என்ற பொறியாளர், இந்தச் சமநிலையிலிருந்தே நீரின் வேகம் சரிவின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கண்டார். ஆழமான வாய்க்காலில் அடித்தரையின் பிடி முழு நீருக்கும் பகிரப்படுவதால் வேகம் கூடும் என்பதும் அவர் சூத்திரத்தில் அடங்கும். தடையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கணக்குப் போட்டாள். 2,000 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று கொண்டால், 10 கிலோமீட்டர் ஓடிய நீர் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தை நெருங்கியிருக்கும். எந்தக் கரையும் எந்த மடையும் அதைத் தாங்காது.

ஆறாம் ஞாயிறு எங்களுக்கு வாய்த்த நல்ல நாள். மேலே கூடுதலாகத் தண்ணீர் திறந்திருந்தார்கள். பாலத்திலிருந்து மூங்கில் கழியை விட்டுப் பார்த்ததில் 60 சென்டிமீட்டராக இருந்த ஆழம் 82 ஆகியிருந்தது, ஒரு சாண் ஏற்றம். அதே 30 மீட்டர், அதே மணல் பாட்டில். மூன்று பத்து மீட்டர்களுக்கும் 13.1, 13.1, 13.2 விநாடிகள். வேகம் 0.76. ஆழம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கூட, வேகம் ஆறில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. செஸி சொன்ன வர்க்கமூலத்துக்கு இது அருகில் வருகிறது. புதிய வேகத்திலும் நீர் மறுபடி சீராகவே ஓடியது.

சரிவை மட்டும் நாங்கள் இன்னும் அளக்கவில்லை. 2,000-க்கு ஒன்று என்பது கணக்குக்காக வைத்துக்கொண்டது. அது சரியானால் 30 மீட்டரில் நீர்மட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அண்ணாச்சியிடம் நீளமான டியூப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அலையடிக்கும் நீர்ப்பரப்பில் ஒன்றரை சென்டிமீட்டரை மில்லிமீட்டர் அளவுக்குப் படிக்கக் காற்றில்லாத விடியற்காலை வேண்டும் என்பதால், அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கே வந்து எழுப்புவதாக அவள் சொல்லியிருக்கிறாள்.