மொட்டைமாடியில் ஒரு வாளி உரத் தேநீர்

ஜூலை 11, வெள்ளி

சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் குழாயில் வரும்போது குளோரின் கலந்துதான் வருகிறது. 20 லிட்டர் வாளியில் பிடித்து மாடியில் திறந்தபடி வைத்துவிட்டேன். நாளைக்குள் பெரும்பாலும் பறந்துவிடும். மக்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, காற்றூதி, அதிலுள்ள நுண்ணுயிரைப் பெருக்கிச் செடிக்கு ஊற்றுவதுதான் உரத் தேநீர். குளோரின் இருந்தால் அந்த நுண்ணுயிரையே கொன்றுவிடும், அதனால்தான் இந்தப் பாடு.

ஜூலை 12, சனி

மண்புழு உரம் 2 கிலோ. அள்ளினால் பொலபொலவென்று உதிர வேண்டும், முகர்ந்தால் மண்வாசம் மட்டும் வர வேண்டும். அரைகுறையாக மக்கிய சாணம் கூடவே கூடாது, நோய்க்கிருமியும் சேர்ந்து பெருகிவிடும். பழைய வேட்டித் துணியில் தளர்வாக மூட்டை கட்டி வாளிக்குள் தொங்கவிட்டேன். மீன்தொட்டிக்குக் காற்றூதும் மோட்டாரின் குழாயை அடிவரை இறக்கியாயிற்று. நாட்டுச்சர்க்கரை இரண்டு ஸ்பூன், அவ்வளவுதான். கால் கிலோ கொட்டச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இனிப்பு கூடினால் பாக்டீரியா தறிகெட்டுப் பெருகி, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அப்புறம் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தாலும் நாறும்.

ஜூலை 13, ஞாயிறு

மேலே பழுப்பு நுரை கட்டியிருக்கிறது. அம்மா குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "நாறவே இல்லயே கண்ணு, இதென்ன ஒரம்?" என்றார். அவருக்கு உரம் என்றால் பஞ்சகவ்யம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய அந்தக் கரைசலை வைத்திருந்து, வேண்டும்போது லிட்டருக்கு 30 மில்லி கலந்து அடிக்கலாம். இதை அப்படி வைக்க முடியாது. மோட்டாரை நிறுத்திய சில மணி நேரத்தில் காலி செய்தாக வேண்டும்.

வெயில் தாழ்ந்ததும் ஸ்ப்ரேயரை எடுத்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறதே, பாதி என் சட்டைக்குத்தான். விட்டுவிட்டு, கத்தரி, மிளகாய், வெண்டைக்கு வேரிலேயே ஊற்றினேன். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, புதினா இலைமேல் எப்போதும் தெளிப்பதில்லை. மூட்டைச் சக்கை கறிவேப்பிலைத் தொட்டிக்கு. காற்றுக் குழாயின் உள்ளே வழவழவென்று படிந்திருந்தது. உடனே தேய்த்துக் கழுவினேன்.

ஜூலை 20, ஞாயிறு

கத்தரியில் புதுத் தளிர். நடுவில் இரண்டு நாள் சாரலும் விழுந்ததால், பெருமையெல்லாம் வாளிக்கே என்று எழுத மனமில்லை. 2 கிலோ உரத்தில் இல்லாத சத்து எதுவும் தண்ணீரில் புதிதாக முளைத்துவிடாது. ஆடிப்பட்டத் தொட்டிகளுக்கு உரத்தை மண்ணிலேயே கலந்து, மேலே காய்ந்த இலை மூடாக்கு போடப்போகிறேன். உரத் தேநீர் இடையிடையே போதும்.

வெண்டையில் மாவுப்பூச்சி தெரிகிறது. அதற்கு இது கேட்காது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும்தான்.