செல் திரும்பி வர முடியாமல் போகும் இடம்

இதயத் தமனி அடைபட்டதும் தசைச் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கடிகாரம் வைத்துச் சொல்லலாம். நொடிகளில் ஏடிபி, அதாவது செல் வேலை செய்யத் தேவையான ஆற்றலைத் தரும் மூலக்கூறு, குறையத் தொடங்கும். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் செல் சுருங்கி விரிவதை நிறுத்திவிடும். அதற்குள் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, வேலைதான் நின்றிருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் ஓட ஏடிபி இல்லாததால் சோடியம் உள்ளே தேங்கும், பின்னாலேயே தண்ணீர் வரும், செல் உப்பும். ஆக்ஸிஜன் இல்லாமல் குளுக்கோஸை உடைப்பதால் லாக்டிக் அமிலம் சேரும். இந்தக் கட்டத்தில் ரத்தம் திரும்பினால் வீக்கம் வடிந்து செல் பிழைத்துக்கொள்ளும்.

20 முதல் 40 நிமிடங்களில் செல் திரும்ப முடியாத எல்லையைத் தாண்டிவிடும். தாண்டியதற்கு அடையாளம் இரண்டு: ஆக்ஸிஜன் கொடுத்தாலும் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவால் ஏடிபி செய்ய முடியாது, செல் சவ்வு கிழிந்திருக்கும். கிழிசல் வழியாகக் கால்சியம் வெள்ளமாகப் புகுந்து, செல்லையே அரிக்கும் நொதிகளை முடுக்கிவிடும். அதே கிழிசல் வழியாக ட்ரோபோனின் என்ற இதயத் தசைப் புரதம் ரத்தத்துக்குக் கசியும். அது அளவிடும்படி ஏறச் சில மணி நேரம் ஆகும். நெஞ்சுவலி வந்த உடனே எடுத்த முதல் ட்ரோபோனின் சோதனை இயல்பாக இருந்தால் நிம்மதி அடையாமல் மறுபடியும் எடுப்பது இதனால்தான். மைக்ராஸ்கோப்பும் தாமதமாகத்தான் சொல்லும்: வழக்கமான சாயத்தில் செல் இறந்த அடையாளம் தெரிய குறைந்தது 4 மணி நேரமாவது ஆகும்.

எல்லாச் செல்லுக்கும் ஒரே கெடு கிடையாது. மூளையின் நியூரான் சில நிமிடங்களே தாங்கும்; கை கால் தசை 2, 3 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கும்.

நெருக்கடி மெதுவாக வந்தால் செல் தன்னை மாற்றிக்கொள்ளும். உயர் ரத்த அழுத்தத்தில் இதயத் தசைச் செல் பெருகாது, பருக்கும். முதிர்ந்த இதயச் செல்லுக்குப் பிரியும் திறன் அநேகமாக இல்லை. தசை தடிக்கும் வேகத்துக்குத் தந்துகிகள் எனும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஈடுகொடுக்காததால் உட்பக்கத் தசைக்குத்தான் முதலில் ரத்தம் போதாமல் போகும். தடித்த இதயத்தைப் பலமான இதயம் என்று நினைப்பது பெரிய தவறு.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது மெட்டாபிளாசியா, அதாவது ஒரு வகைச் செல் இருந்த இடத்தில் வேறு வகைச் செல் வருவது. புகைப்பவரின் மூச்சுக்குழலில், நுண்மயிர் கொண்ட தூண் செல்கள் இருந்த இடத்தில் தட்டையான அடுக்குச் செல்கள் வந்துவிடும். பழைய செல்லே உருமாறுவதாகப் பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அடியிலுள்ள மூலச்செல்கள் வேறு வகைச் செல்லை உருவாக்கத் தொடங்குகின்றன. புதிய படலம் புகையைத் தாங்கும். ஆனால் சளியைத் தள்ளிவிட நுண்மயிர் இல்லாததால் அது தேங்கும், கிருமி தங்கும். புகையை நிறுத்தினால் பழைய படலம் திரும்பலாம்.

நிறுத்தாவிட்டால் டிஸ்பிளாசியா வரலாம்: செல்லின் உட்கருவான நியூக்ளியஸ் பெருத்து, நிறம் கருமையாகி, செல்களின் வரிசை குலையும். கருப்பை வாயில் இதற்குக் கணக்கு உண்டு. கோளாறு படலத்தின் அடி மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் முதல் நிலை, மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறினால் இரண்டாம் நிலை, அதையும் தாண்டினால் மூன்றாம் நிலை. முதல் நிலை பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். மூன்றாம் நிலையிலும், படலத்துக்கு அடியில் தடுப்பாக இருக்கும் அடிச்சவ்வு உடையாதவரை அது பரவும் புற்றுநோய் ஆகாது. பெரும்பாலும் அந்தப் பகுதியை மட்டும் அகற்றினால் போதும்.