மதுரைக்குத் தெரிந்த கோவைக் கணக்கு

"சார், கோவை பிராஞ்ச் மார்ஜின் எனக்கும் வருது. அப்படி வரலாமா?" மதுரைக் கிளை மேலாளர் போனில் கேட்டதும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

நான் வேலை பார்ப்பது ஒரு மொத்த விநியோகக் கம்பெனியில். ஆறு கிளைகளுக்கும் சேர்த்து, பவர் பிஐ என்ற ரிப்போர்ட் மென்பொருளில் ஒரே விற்பனை மாடல், அதாவது ரிப்போர்ட்டுக்கு அடியில் இருக்கும் தரவுத் தொகுப்பு. அவரவர் கிளை அவரவருக்கு மட்டும் தெரியும்படி ரோ லெவல் செக்யூரிட்டி (ஆர்எல்எஸ்) போட்டிருந்தேன். டெஸ்க்டாப்பில், இன்னொருவருக்கு எப்படித் தெரியும் என்று காட்டும் 'வியூ அஸ்' வைத்துச் சோதித்தும் பார்த்தாயிற்று. சரியாகத்தான் இருந்தது.

கோளாறு, ரிப்போர்ட்டும் மாடலும் இருக்கும் பொது இடமான வொர்க்ஸ்பேஸில். ஆரம்பத்தில் யாரோ "ரிப்போர்ட் திறக்க மாட்டேங்குது" என்றபோது, அவசரத்தில் மேலாளர்கள் எல்லோரையும் கான்ட்ரிபியூட்டர் ஆக்கியிருந்தேன். அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் மூவருக்கும் மாடலைத் திருத்தும் உரிமை வந்துவிடும். திருத்தும் உரிமை உள்ளவர்களுக்கு ஆர்எல்எஸ் வடிகட்டாது. வொர்க்ஸ்பேஸின் நான்கு ரோல்களில், பார்க்க மட்டும் முடிகிற வியூவருக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். பூட்டையும் போட்டு, சாவியையும் நானே கையில் கொடுத்திருக்கிறேன்.

எல்லோரையும் வொர்க்ஸ்பேஸிலிருந்து எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டைப் பார்க்க மட்டும் முடிகிற ஆப்பாக வெளியிட்டேன். முடிந்தது என்று நினைத்தால், மாடலின் 'மேனேஜ் பெர்மிஷன்ஸ்' பக்கத்தில் நீளமாக ஒரு பட்டியல். பாதிப் பேருக்கு நான் எதுவுமே கொடுத்ததில்லை! ரிப்போர்ட்டை ஷேர் செய்யும் பெட்டியில் இரண்டு டிக் இருக்கும். ஒன்று, வாங்கியவர் அடுத்தவருக்கும் பகிரலாம் என்பது. மற்றது, மாடலை வைத்து அவரே புதிதாக ரிப்போர்ட் செய்துகொள்ளும் பில்ட் உரிமை. இரண்டையும் எடுக்காமலே மாதக்கணக்கில் அனுப்பியிருக்கிறேன்.

பில்ட் சாதாரண விஷயமில்லை. அது இருந்தால் எக்செலிலிருந்து நேராக மாடலைப் பிடித்து பிவட் போடலாம். ரிப்போர்ட்டில் நான் எங்குமே வைக்காத கொள்முதல் விலைகூட அங்கே வந்து நிற்கும். (இந்த மாடலுக்கு முன்பு டேட்டாசெட் என்று பெயர். 2023 கடைசியில் செமான்டிக் மாடல் என்று மாற்றினார்கள். பழைய குறிப்புகளைப் படித்துக்கொண்டு அந்த மெனுவைத் தேடியதில் எனக்கு ஒரு மதியம் போயிற்று.)

ஒவ்வொரு பெயராக எடுத்தேன். ரிப்போர்ட் அணுகலை நீக்கும்போது, தொடர்புடையவற்றின் அணுகலையும் நீக்கவா என்று கேட்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் ரிப்போர்ட் போய்விடும், மாடலின் உரிமை அப்படியே தங்கிவிடும். முதல் நான்கைந்து பேருக்கு அப்படித்தான் ஆனது. திரும்பப் போய் எடுத்தேன்.

அப்புறம் ஐடியில் சொல்லி, பலருக்கு மொத்தமாக உரிமை கொடுக்க இரண்டு செக்யூரிட்டி குரூப் வாங்கினேன். மேலாளர்கள் குரூப்புக்கு ஆப் மட்டும். ஆர்எல்எஸ் ரோலுக்குள்ளும் அந்த குரூப்பையே சேர்த்தேன். அக்கவுண்ட்ஸ் குரூப்புக்கு மட்டும் பில்ட். அவர்களுக்கு எக்செல் இல்லாமல் பொழுது விடியாது.

மறுநாள் காலை மதுரையிலிருந்து மறுபடி போன். "சார், இப்ப எதுவுமே வரல. வெள்ளையா இருக்கு."

பார்ப்பவர் யார் என்று அறிய ஆர்எல்எஸ்ஸில் நான் வைத்திருந்த யூசர்பிரின்சிபல்நேம் ஃபங்ஷன் திருப்பித் தருவது லாகின் பெயரை. யாருக்கு எந்தக் கிளை என்ற என் பட்டியலில் இருந்ததோ அவருடைய ஈமெயில் முகவரி. மற்றவர்களுக்கு இரண்டும் ஒன்று. இவருக்கு மட்டும் பணியாளர் எண்ணில் லாகின் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை மாற்றி ரெஃப்ரெஷ் கொடுத்தேன்.

"இப்ப மதுரை மட்டும் வருது சார். ஆனா இந்த மாச டார்கெட் தப்பா இருக்கே?"