கிணற்றடி வளைவும் ஒரு பிரேக் பல்பும்

ஒருவழியாக ஓடிவிட்டது. போன ஞாயிறு பின்னேரம், மட்டக்களப்புக் கல்லடியில் மாமாவின் வளவில், நாங்கள் தோட்டத்தில் ஓட்டுகிற சின்ன மாதிரிக் கோச்சி (ரயில்) ஆறு பெட்டி பூட்டிக்கொண்டு கிணற்றடி வளைவில் நிற்காமல் இருபது சுற்று வந்தது. மாசியில் தொடங்கிய சண்டை இது. சித்திரை வருசமும் பிறந்து போய்விட்டது.

மழை முடிந்து முதல் ஞாயிறு நாங்கள் நாலு பேர் போனபோது தண்டவாளம் எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை. கோரை முளைத்து சிலிப்பர் கட்டைகளைத் தூக்கியிருந்தது. முருங்கை இலை உதிர்ந்து, நனைந்து, காய்ந்து, தண்டவாளத்தில் கறுப்புத் தோலாக ஒட்டிக் கிடந்தது. வாழைச்சேனை என்று நாங்கள் பெயர் வைத்த குட்டி நிலையத்துக்கு அடியில் நண்டு வளை தோண்டியதில் பிளாட்பாரமே சரிந்திருந்தது. இதெல்லாம் மூன்று ஞாயிறு வேலை. பிடுங்கினோம், கூட்டினோம், குறுணிக் கல் கொட்டி மட்டம் பிடித்தோம். கடற்கரை மணலில் வெறுமனே பாதை போட்டவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன்.

உண்மையான தலைவலி அதற்குப் பிறகுதான். எங்கள் எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் போகும். துப்பரவாக்கிய பாதையில் கோச்சி எங்கள் குட்டி ஏறாவூர் வரைக்கும் சும்மா பறக்கும். கிணற்றடி வளைவு வந்ததும் களைத்த மாடு மாதிரி மெதுவாகும், முருங்கைக்குக் கீழே நிற்கும். கையால் தள்ளினால் இரண்டு அடி போகும். மாமா எஞ்சினில் பிழை என்றார். கழற்றினோம், பிரஷ் மாற்றினோம், சில்லுத் துடைத்தோம். நான் தண்டவாளத்தில் அழுக்கு என்றேன். பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்பொஞ்சால் 24 மீற்றரையும் முழங்காலில் நின்று தேய்த்தோம். (சாண்ட் பேப்பர் மட்டும் போடாதீர்கள். அந்தக் கீறலுக்குள்தான் அடுத்த அழுக்கு போய்க் குடியிருக்கும்.) ஒன்றும் நடக்கவில்லை. மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தால் ட்ரான்ஸ்போமர் பக்கம் 12 வோல்ட், கிணற்றடியிலும் 12 வோல்ட். பிறகு எஞ்சினைத்தானே குற்றம் சொல்ல முடியும்? மாமாவைக் கேட்டால் "மறுகா (பிறகு) பாப்பம்" என்பார். அந்த மறுகா ஐந்து கிழமை இழுத்தது.

நிஜ ஏறாவூரிலிருந்து வரும் நானா வயரிங் வேலை செய்பவர். அவர் ஒரு நாள் மீற்றரைப் பார்த்துச் சிரித்தார். "சேர், சும்மா மீற்றரை வைச்சா எல்லாம் சரியாத்தான் காட்டும். பாரம் குடுத்துப் பாருங்க" என்றார். போய்த் தன் மோட்டார் சைக்கிளின் பிரேக் பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். 12 வோல்ட், 21 வாட். அதைக் கிணற்றடியில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே கொடுத்தோம். பல்ப் அணையப்போகிற கொள்ளிக்கட்டை மாதிரி எரிந்தது. மீற்றர் 6.5.

மின்சாரம் ஓடாதபோது, தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் கெட்ட பொருத்தும் நல்ல பொருத்து மாதிரித்தான் காட்டும். ஓடும்போதுதான் இழப்பு வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் ஓமின் விதி படித்துச் சோதனையில் புள்ளியும் வாங்கியவன் நான். ஐந்து கிழமை அது நினைவுக்கு வரவில்லை.

மறுகா, பல்ப் எரிந்துகொண்டிருக்க, ஒவ்வொரு பொருத்தின் இரண்டு பக்கமும் மீற்றர் ஊசியை வைத்துக்கொண்டே நடந்தோம். எங்கள் பாதை முழுக்க 30 சென்ரிமீற்றர் துண்டுகள். 24 மீற்றருக்கு 80 துண்டு, இரண்டு பக்கமும் சேர்த்து 160 ஜொயினர் (துண்டுகளை இணைக்கும் பித்தளைக் கவ்வி). நல்ல பொருத்தில் 0.01, 0.02 வோல்ட் காட்டும். ஒன்றில் மட்டும் 1.4 இருந்தது! அதைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி மாதிரிக் களிம்பு. பித்தளைக்கும் கல்லடி உப்புக்காற்றுக்கும் ஒத்துவராது. எண்ணிப் பார்த்தால் மோசமானவை 43.

புது ஜொயினர் இங்கே கடையில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தால்தான் உண்டு. அதனால் பொருத்தைத் தாண்டி வயர் பாலம் போடுவதென்று முடிவாயிற்று. பழைய கம்பியூட்டர் பவர் கேபிளை உரித்தால் உள்ளே வளைந்து கொடுக்கிற மெல்லிய செம்பு இழை வயர் மூன்று இருக்கும். அதுவே போதும்.

ஈயம் பிடிப்பதுதான் கூத்து. ஈயம் உருக்கும் அயன் 40 வாட்டில் வைத்தால் சூட்டை முழுக்கத் தண்டவாளம் உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் உருண்டை உருண்டையாக விழும். 100 வாட் வேண்டும். கடற்காற்று எழும்பினால் அதுவும் போதாது. ஆகவே விடிய ஆறு மணிக்கே இறங்கினோம். வெட்டிய பிஸ்கட் ரின்னைக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தி, தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை அரத்தால் பளபளக்க அராவி, இரண்டு பக்கமும் ஈரத்துணி சுற்றினோம். துணி இல்லாவிட்டால் பிளாஸ்ரிக் சிலிப்பர் உருகிவிடும், எனக்கு நாலு உருகியது. முதலில் ஈயம் ஒட்ட உதவும் ரோசின் பூசி ஈயத்தை மட்டும் பிடிக்கவிட வேண்டும், அது ஒட்டிய பிறகே வயர். ரோசினுக்குப் பதிலாக அசிட் பாவித்தால் உடனே பிடிக்கும்தான். ஆனால் சரியாகக் கழுவாமல் விட்ட இரண்டு இடம் பத்து நாளில் பச்சை பிடித்துவிட்டது.

எங்கள் தம்பி ஒருவர் அவசரப்பட்டு, "வயர் எதற்கு, ஜொயினரையே ஒட்டிவிடலாம்" என்று நேர்ப்பாதையில் பத்துப் பொருத்தை வரிசையாக ஈயத்தால் மூடினார். நண்பகல் வெயிலில் அந்த நேர்ப்பாதை பாம்பு மாதிரி நெளிந்தது. பித்தளைத் தண்டவாளம் 30 பாகை சூடேறினால் 30 சென்ரிமீற்றர் துண்டு 0.17 மில்லிமீற்றர் நீளும். சின்னக் கணக்குத்தான், ஆனால் 24 மீற்றருக்குக் கிட்டத்தட்ட 14 மில்லிமீற்றர். எனவே பொருத்தில் ஒரு விசிட்டிங் கார்ட் கனத்துக்கு இடைவெளி, வயரில் கொஞ்சம் தொய்வு. தம்பியின் பத்தையும் அவரே இருந்து கழற்றினார்.

இதற்கிடையில் மாமா அடுத்த வேலைக்குத் தாவிவிட்டார். 1954இல் கொழும்புத் திட்டத்தில் கனடாவிலிருந்து வந்த எம்2 டீசல் எஞ்சினின் மாதிரியைத் தகரத்தில் வெட்ட வேண்டுமாம். அளவில்தான் சண்டை. நம் நாட்டு நிஜ அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடை 1676 மில்லிமீற்றர், எங்கள் பாதையில் 45. கணக்குப்படி நிஜத்தில் 37இல் ஒரு பங்காகத்தான் எஞ்சின் வரவேண்டும். ஆனால் கையிலுள்ள பெட்டிகள் எல்லாம் 22.5இல் ஒன்று, பக்கத்தில் நிறுத்தினால் எஞ்சின் பெட்டிக்குப் பிள்ளை மாதிரி இருக்கும். "பெட்டியையும் புதிசாச் செய்வம்" என்கிறார். அவர் சொல்லுவார். ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் வாகனமும் கோச்சியும் ஒரே தளத்தில் போன காலத்தை நினைத்து அவர் தொடங்கிய பாலமே இன்னும் பாதியில் நிற்கிறது, கேற் பூட்டவில்லை.

என் ஆசை வேறு. எஞ்சினுக்குள்ளேயே பற்றரி வைத்து றிமோட்டில் ஓட்டினால் இந்தப் பொருத்துத் தொல்லையே இல்லை. இதை மாமாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை, 43இல் 31 முடிந்திருக்கும் நேரத்தில் சொன்னால் அடிப்பார்.

அந்த 31க்கே கிணற்றடியில் 11.2 வோல்ட் வருகிறது. மீதி 12க்கும் பல்ப் வேண்டும். அதைத்தான் நானா திருப்பிக் கேட்கிறார். மூன்று கிழமையாக பிரேக் லைட் இல்லாமல் வருகிறாராம். கல்லடிப் பாலத்தில் பொலிஸ் மறித்தால் தண்டம் மாமாதான் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.