பெருமாள் களைந்த மாலை

புரட்டாசி சனிக்கிழமை என்றால் சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து ஐந்து நிலை ராஜகோபுரத்தைப் பார்த்ததும் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். 1855-ல் தொடங்கிய கோயில் இது. 1978-ல் தேசிய நினைவுச் சின்னமானது. நினைத்தபோதெல்லாம் திருப்பதிக்குப் போக முடியாத சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு இதுதான் திருமலை. மாதம் முழுக்க அசைவம் விட்டு, துளசி மாலையோடு பிள்ளை குட்டிகளை அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நானும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு துளசி மாலை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னும் பின்னும் கோவிந்தா, கோவிந்தா என்ற குரல். சன்னிதி நெருங்க நெருங்க வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. தீர்த்தம் வாங்கி, சடாரி தலையில் பட்டபோது, கேட்க நினைத்திருந்த வேண்டுதல்கள்கூட மறந்துபோயின. அன்றைக்கு அது போதும் என்று இருந்தது.

அப்புறம் ஓரமாக நின்று பார்த்தேன். அத்தனை பேர் மாலை கொண்டுவரும் நாளில், ஒரு மாலை பெருமாள் மேனியில் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? சாத்துகிறார்கள், சற்று நேரத்தில் எடுக்கிறார்கள், அடுத்தது காத்திருக்கிறது. வாடாத மல்லி, கசங்காத சாமந்தி. இவ்வளவு பூவும் அடுத்து எங்கே போகும் என்ற கேள்வி அங்கேதான் பிடித்துக்கொண்டது.

ஆண்டாள் சன்னிதியில் கேள்வி இன்னும் பெரிதானது. அவள் சூடிக் களைந்த மாலையைத்தான் பெருமாள் விரும்பி ஏற்றார். அவளை வளர்த்த பெரியாழ்வாரோ, பெருமாள் சூடிக் களைந்த துளசியைச் சூடுகிற தொண்டர்கள் நாங்கள் என்று பாடியவர். சிவன் கோயிலில் சாத்திக் களைந்த நிர்மாலியத்துக்கு உரியவராகச் சண்டிகேசுவரரே இருக்கிறார். களைந்த பூவுக்கும் ஓர் இடம் வைத்திருந்த மரபு நம்முடையது.

பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்காவிடம் இதைச் சொன்னேன். பல வருடங்களாகக் கோயில் காரியங்களில் தொண்டூழியம் செய்பவராம். "பூவால தொந்தரவே இல்லம்மா. கூட வர்ற ஜிகினாவும் நைலான் நூலும்தான் தொந்தரவு. அதைப் பிரிச்சு எடுக்கிறதுக்குள்ள விரல் நோவுது" என்றார். தம் வீட்டுப் பூஜைப் பூவை அவர் குப்பையில் போடுவதில்லை. வெல்லம் ஒரு பங்கு, பூவும் பழத்தோலும் சேர்த்து மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்று பிளாஸ்டிக் டப்பாவில் ஊற வைக்கிறார். முதல் சில வாரங்கள் அவ்வப்போது மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் டப்பா உப்பி வெடித்துவிடும். மூன்று மாதத்தில் வடிகட்டினால் தரை துடைக்க நல்ல திரவம். வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறை மூலையே இதற்குப் போதும்.

வீடு திரும்பியதும் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். திருமலையில் பெருமாளுக்குச் சாத்திய பூக்களைப் பக்தர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை. கோயிலுக்குள்ளேயே பூங்கிணறு ஒன்று உண்டு, களைந்த மாலைகள் அதில் சேரும். இப்போது வருகிற பூவின் அளவுக்கு எந்தக் கிணறு தாங்கும்? 2021-ல் திருப்பதி தேவஸ்தானம் தன் கோயில்களில் பயன்பட்ட பூக்களைக் கொண்டு ஊதுபத்தி செய்யத் தொடங்கியது. ஏழுமலையைக் குறிக்கும் வகையில் ஏழு வாசனைகள். சுவாமிக்குச் சாத்திய பூ, வேறொரு வீட்டுப் பூஜை அறையில் புகையாக எழுகிறது. இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

கான்பூரில் அங்கித் அகர்வால் தொடங்கிய 'பூல்' நிறுவனத்தின் கதை இன்னும் ஆழமானது. பூ சாகுபடியில் தெளிக்கும் பூச்சிமருந்தெல்லாம் கங்கையில் வீசும் மாலைகளோடு ஆற்றில்தான் கரைகிறது. அதைத் தடுக்கக் கோயில்களிலிருந்தே பூவைச் சேகரிக்கிறார்கள். நூல், ஜரிகை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கையால் பிரிக்கிறார்கள். இதழைத் தனியாக எடுத்து, மருந்தின் வீரியம் போகச் சுத்தம் செய்து, காயவைத்துப் பொடியாக்கி, மாவாகப் பிசைந்து, மூங்கில் குச்சியில் உருட்டுகிறார்கள். பச்சைக் காம்பும் மிச்சமும் உரமாகின்றன. கரித்தூள் சேர்ப்பதில்லை. இந்தப் பூக்கழிவில் பூஞ்சையை வளர்த்துத் தோல் போன்ற ஒரு பொருளையும் உருவாக்கியிருக்கிறார்கள். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மலம் அள்ளும் தொழிலில் தலைமுறை தலைமுறையாகத் தள்ளப்பட்டிருந்த குடும்பங்களின் பெண்களும் அவர்களில் உண்டு. அந்தக் கைகளில் இன்று சுவாமி பூ. இதைவிடப் பெரிய கைங்கரியம் எனக்குத் தெரியவில்லை. ஹைதராபாத் பக்கத்திலும் இரண்டு பெண்கள் 'ஹோலிவேஸ்ட்' என்று தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்கு இதே போன்ற வேலை கொடுத்தார்கள். மும்பையில் கோயில் சாமந்தியிலிருந்து துணிக்கு மஞ்சள் சாயம் எடுக்கிறார்கள்.

சரி, சிங்கப்பூரில் என்ன செய்ய முடியும்?

இங்கே மறுபயனீட்டுக்குப் போகாத குப்பை எரிக்கப்படுகிறது. சாம்பல் கடல் தாண்டிச் செமக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-ல் திறந்த அந்த நிரப்புநிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. மதுரைப் பக்கத்திலும் சத்தியமங்கலத்திலும் இருட்டோடு எழுந்து மொட்டுப் பறிக்கிறார்கள். அந்த மல்லி விமானம் ஏறி வந்து, ஒரு பொழுது சுவாமி கழுத்தில் இருந்துவிட்டு, சாம்பலாகத் தீவில் கிடப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே இடத்துக்கும் ஆள்கூலிக்கும் ஊதுபத்தித் தொழிற்சாலை கட்டுப்படியாகாது என்றுதான் நினைக்கிறேன். அதற்காக நம்மால் ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட வேண்டியதில்லை. கோயில் பூவில் செய்த ஊதுபத்தியை நாம் கேட்டு வாங்கினால், அந்தப் பணம் ஊரில் அதை உருட்டுகிற பெண்ணின் கைக்குப் போய்ச் சேரும். சுவாமிக்குப் போகும் மாலையில் மக்காத பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பதை நேர்த்திக்கடனின் பகுதியாகவே நாம் எடுத்துக்கொள்ளலாம். பூவைத் தனியாகப் போட ஒரு கூடை இருந்தால் உரமாக்கும் வேலையும் சுலபம். தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

அடுத்த வாரம் பூக்கடைத் தம்பியிடம் ஜிகினா, நைலான் எதுவும் இல்லாமல் துளசி மாலை கிடைக்குமா என்று கேட்டேன். "முன்னாடியே சொல்லிட்டா வாழைநார்ல கட்டித் தரேன்க்கா. ஆனா மாலை கொஞ்சம் மெலிசாத் தெரியும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். வைகுண்ட ஏகாதசிக்கு எங்கள் புளோக்கில் சில வீடுகள் சேர்ந்து அவரிடமே மொத்தமாகச் சொல்லியிருக்கிறோம். டப்பாவில் பூ ஊறவைக்கும் முறையைக் காட்டித் தர அந்த அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.