அம்மா முடிந்து வைத்த பதினோரு ரூபாய்

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் 11 வருஷமாக ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. என் மகன் பிறந்தபோது ரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு நாள் ஐசியூவில் கிடந்தேன். அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபடி அம்மா முடிந்தது. "பொண்ணு பிழைச்சு எழுந்தா அவளையும் கூட்டிட்டு வந்து உன்னைத் தவழ்ந்து சுத்துறேன்" என்று காஞ்சிபுரம் கைலாசநாதருக்கு வேண்டுதல்.

நான் எழுந்துவிட்டேன். வேண்டுதல்தான் தள்ளிக்கொண்டே போனது. நடுவில் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன் ஆனது. சனி, ஞாயிறு, திங்கள் சேர்ந்தாற்போல லீவு வந்ததும் நாங்கள் ரெண்டு பேர் மட்டும் கிளம்பிவிட்டோம். திருச்சியிலிருந்து செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ்.

மூன்று நாள் லீவு என்றால் ஊரே காஞ்சிபுரத்தில்தான் இருக்குமோ என்னவோ. சனிக்கிழமை காமாட்சி சந்நிதி வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றோம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக நகர்ந்தாள். கரும்பு வில்லோடு காமாட்சி பத்மாசனத்தில் உட்கார்ந்திருந்த அழகில் கால்வலி என்ற பேச்சே எழவில்லை. வெளியே வந்ததும் ஏறிய ஆட்டோக்காரர்தான் மனசைக் கெடுத்தார். ஏகாம்பரநாதர் கோயிலுக்கு என்று ஏற்றிக்கொண்டு நேராக ஒரு பட்டுப்புடவைக் கடை வாசலில் நிறுத்தினார். "சும்மா பாருங்கம்மா, வாங்கணும்னு இல்லை" என்று கடைக்காரப் பையன் அம்மா கையைப் பிடித்து இழுக்கிறான். சுவாமி பார்க்க வந்த வயசானவர்களை இப்படி அலைக்கழிப்பது மகாபாவம்.

ஞாயிறு காலை கைலாசநாதர். வாசல் நந்தி மட்டும் தள்ளி, தனியாகப் புல்வெளியில் உட்கார்ந்து சுவாமியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் கட்டி 1,300 வருஷமாகிறது. காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய விக்கிரமாதித்தன் இந்தக் கோயில் செல்வத்தைப் பார்த்தும் எடுத்துப்போக மனசில்லாமல் சுவாமிக்கே விட்டுவிட்டானாம். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இங்கே ஒரு தூணில் இருக்கிறது. நான் சொன்னதும் அம்மா, "ஜெயிச்சவனுக்கே கை வரலை பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதே இடத்தில் நாலைந்து பேர் சிற்பங்கள்மேல் சாய்ந்து ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மணல்கல், தொட்டாலே உதிர்கிறது. சொன்னால் முறைக்கிறார்கள்.

உள்ளே கூட்டமே இல்லை. பதினாறு பட்டை லிங்கம், பின்னால் சுவரில் சோமாஸ்கந்தர். அர்ச்சனை முடிந்ததும் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கருவறையைச் சுற்றி வரும் ஒடுக்கமான வழியின் சின்னத் திறப்பு முன்னால் போய் நின்றாள். அதில் ஆள் தவழ்ந்தால்தான் நுழைய முடியும். குனிந்து பார்த்தாள். சுவரைப் பிடித்து ஒரு காலை மடக்கப் பார்த்தாள், முட்டி மடங்கவில்லை. இன்னொரு தரம் முயன்றபோது குருக்களே பதறி, "வேண்டாம்மா, விழுந்துருவீங்க" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கடன் வாங்கிவிட்டுத் திருப்பித்தர வழியில்லாதவள் முகம் மாதிரி இருந்தது.

"நீ போயிட்டு வா" என்றாள்.

நான் நுழைந்தேன். உள்ளே கும்மிருட்டு. இரண்டு பக்கமும் தோளை உரசும் கல், சில்லென்று. எனக்காக அம்மா இந்த வழியைத்தானே கேட்டாள் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிவ சிவ என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை. ஐசியூவில் கண் விழித்தபோது முதலில் தெரிந்த வெள்ளை விளக்கு, அம்மாவின் நெற்றித் திருநீறு, பிள்ளை அழுத சத்தம் எல்லாம் அந்த இருட்டில் வந்து போயின. மறுபடி தவழ்ந்து வெளியே தலையை நீட்டினால் சுவாமிக்கு நேராக அம்மா கண்மூடி உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், கண்ணைத் திறக்காமலே, "திரும்புற இடத்துல சுவர் சில்லுனு இருந்துச்சுல்ல?" என்றாள்.

கல்யாணமான புதுசில் அப்பாவோடு வந்து ஒரு தரம் சுற்றியிருக்கிறாளாம். 46 வருஷத்துக்கு முன்னால். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, நான் உள்ளே போன நேரம் பூராவும் என் பின்னாலேயே தவழ்ந்து வந்திருக்கிறாள்.

"நின்றவூர்ல பூசலார்னு ஒரு அடியார் மனசுலயே கட்டின கோயிலுக்குப் போகணும்னு, இந்தக் கோயில் கும்பாபிஷேகத்தையே வேற நாள் வெச்சுக்கச் சொன்னவர் இவர். ராஜா கனவுல போய்ச் சொன்னார். நான் மனசால சுத்தினதை ஏத்துக்க மாட்டாரா?" அவள் முகத்தில் அந்தக் கடன்காரக் களை போயே போய்விட்டது. என் அப்பனே, ஏற்றுக்கொண்டாய். எனக்குத் தெரியும்.

முடிச்சு அவிழவே இல்லை. 11 வருஷத்து இறுக்கம். குருக்கள் கத்தி எடுத்து வரட்டுமா என்றார். அம்மா சம்மதிக்காமல் பல்லால் கடித்து அவிழ்த்துப் பதினோரு ரூபாயையும் தட்டில் போட்டாள். ஒரு ரூபாய் நாணயம் கறுத்துப்போயிருந்தது.

திங்கட்கிழமை வரதராஜரைச் சேவித்துவிட்டு, கோயில் இட்லி ஆளுக்கு ஒன்று சாப்பிட்டோம். மிளகும் சுக்குமாக மணத்தது. ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா அந்த மஞ்சள் துணியை வெளியே எடுத்து மடியில் விரித்தாள்.

"ஒரு ரூபா இருந்தா குடு. அப்பா நெஞ்சுக்கு. அடுத்த லீவுக்கு நின்றவூர் இருதயாலீஸ்வரர்கிட்ட போகணும்."